அம்பாசடரின் பின்பக்கம் ‘டொக்’ என்றால்: அறிகுறியை வைத்துப் புஷ் பழுதைப் பிடிப்பது

எங்கள் வீட்டு அம்பாசடர் 1978 மார்க் 3. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று மாதம் இரண்டு தடவையாவது போய்வரும். பின்பக்கப் புஷ்களை இதுவரை மூன்று தடவை மாற்றியிருக்கிறோம். முதல் தடவை தேவையே இல்லாமல் மாற்றினோம். இரண்டாம் தடவை மாட்டிய விதம் தப்பு, ஆறே மாதத்தில் கிழிந்தது. மூன்றாவது தடவை போட்டதுதான் இன்றுவரை ஓடுகிறது. பழைய வண்டி வைத்திருக்கிற யாரும் அந்த முதல் இரண்டு செலவைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் புஷ் பேரிங் இல்லை. அதில் எதுவும் வழுக்கிச் சுற்றுவதில்லை. வெளியே ஒரு இரும்புக் கூடு, உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவில் ரப்பர். வெளிக்கூடு ஸ்பிரிங் பட்டையின் கண்ணுக்குள், அதாவது பட்டை முனையில் சுருட்டியிருக்கும் வளையத்துக்குள், இறுகி உட்கார்ந்திருக்கும். உள்குழலை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். பட்டை மேலும் கீழும் போகும்போது நடுவிலிருக்கும் ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, திரும்பத் தன் நிலைக்கு வரும். அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணெய் விடக் கூடாது என்பதும், எந்த நிலையில் வைத்து நட்டை இறுக்க வேண்டும் என்பதும் இதிலிருந்துதான் வருகின்றன.

அப்புறம் அமைப்பு. அம்பாசடரில் பின் அச்சை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள்தான், வேறு கம்பி எதுவும் கிடையாது. பட்டையின் முன்கண் வண்டி உடம்போடு நேராகப் பூட்டியிருக்கும். பின்கண் ஷேக்கிளில், அதாவது முன்னும் பின்னும் ஆடும் இணைப்புத் தகட்டில், தொங்கும். பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளும், அந்த நீளத்துக்கு இடம்கொடுக்க ஷேக்கிள் பின்னால் சாயும். ஆகவே அச்சு முன்னால் பின்னால் நகராமல் பார்த்துக்கொள்வது முன்கண் மட்டுமே. ஷேக்கிள் புஷ் போனால் காதுக்குத் தெரியும். முன்கண் புஷ் போனால் ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரியும்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டொக்’

அடிக்கடி வரும் புகார் இதுதான், அடிக்கடி தப்பாகப் பிடிக்கப்படுவதும் இதுதான். நாங்கள் முதல் தடவை ஏமாந்ததும் இதில்தான். “புஷ்ஷு போயிட்டு அண்ணாச்சி, நாலையும் மாத்திருவோம்” என்றார் மெக்கானிக். மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் ஷாக் அப்சர்பரின் கீழ்ப்பக்க ரப்பர் தேய்ந்து, போல்ட் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

அதனால் இந்த வரிசையில் போங்கள். முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்டெப்னி, பானா பை எல்லாவற்றையும் திண்ணையில் எடுத்து வைத்துவிட்டு அதே வேகத்தடையில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். சத்தம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. நிற்கவில்லையென்றால் சைலன்சர் தொங்கும் ரப்பர்களைப் பாருங்கள். குழாயைக் கையால் ஆட்டினால் எங்காவது தட்டுகிறதா? (வண்டி ஆறியபிறகு.) அடுத்து ஷாக் அப்சர்பர். அதன் ஒரு முனையைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு, தெருவுக்குள் நடைவேகத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு ஷாக்கில்.

இத்தனையும் சரி என்றால்தான் புஷ். வண்டி தரையில் நிற்கும்போதே கீழே பாய் விரித்துப் படுத்து, டார்ச் அடித்து ஷேக்கிளைப் பாருங்கள். நல்ல புஷ்ஷில் ரப்பர் இருபுறமும் ஒரே அளவாக வெளியே தெரியும். போன புஷ்ஷில் ஒரு பக்கம் பிதுங்கி, மறுபக்கம் போல்ட் கண்ணின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் மாவு மாதிரித் துரு படிந்திருந்தால் அது முக்கியமான அடையாளம். இரும்பும் இரும்பும் உரசினால்தான் அந்த மாவு வரும். நம் பக்கத்துச் செம்மண் அப்படியே இருக்கும் என்பதால் ஏமாற வாய்ப்புண்டு. திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் ஓடிய வண்டி என்றால் கீழே எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அதே இடத்தில் மட்டும் திரும்ப வந்தால் அது துரு.

பிறகு ஒரு சின்னக் கடப்பாரையை ஷேக்கிள் தகட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் அமுங்கித் திரும்ப வந்தால் அது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிர்ப்பே இல்லாமல் நகர்ந்து ‘டக்’ என்று இரும்பில் முட்டினால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம்.

கிளட்ச் விடும்போது ஒரு தட்டு, பிரேக் போட்டால் இன்னொரு தட்டு

இதற்கு இரண்டு பேர் மேல் சந்தேகப்படலாம்: புரொப்பெல்லர் ஷாஃப்டின் (எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் என்ற மூட்டு, இல்லையென்றால் முன்கண் புஷ். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புங்கள். கிராஸ் இருக்கும் இடத்தில் ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் நின்றால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. கிரவுனுக்குள், அதாவது பின் அச்சின் நடுவிலிருக்கும் பல்சக்கரங்களுக்குள், இருக்கும் சிறு ஆட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் கிராஸின் இருபுறமும் சேர்ந்தே திரும்பும்.

முன்கண்ணைச் சோதிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, கட்டைகளை எடுத்துவிட்டு, இரண்டு பேரை வண்டியை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில், சக்கரத்தின் பாதையில் இல்லாமல் உட்கார்ந்து முன்கண்ணைப் பாருங்கள். தள்ளும்போதெல்லாம் கண் போல்ட்டைவிட்டு விலகி விலகி வந்தால் புஷ் காலி. எஞ்சின் ஓடும்போது கியரில் வைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கிற பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

நாலுவழிச் சாலையில் வால் ஆடுவது

நாகர்கோவில் சாலையில் பணகுடி தாண்டி, காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். எந்தப் பழைய வண்டியும் அங்கே கொஞ்சம் அசையும். காற்று இல்லாத இடத்திலும், பாதை மாறும்போது முன்பக்கம் திரும்பி ஒரு நொடி கழித்துப் பின்பக்கம் தனியாகத் திரும்புகிற மாதிரி இருந்தால் மட்டும் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் இழுத்தால் கிட்டத்தட்ட உறுதி: ஒரு முன்கண் புஷ் போய், அந்தப் பக்கத்து அச்சு மட்டும் முன்னும் பின்னும் போய்வருகிறது. பின் அச்சின் ஒரு முனை ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தாலே பின்சக்கரங்கள் வேறு திசையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

டயர் காற்றைச் சரிபார்த்தபின் அளந்து பாருங்கள். அம்பாசடரின் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே 2464 மி.மீ., பழைய கணக்கில் 97 அங்குலம். முன்சக்கரங்களை நேராக வைத்து, நூல்குண்டைச் சக்கர மையத்திலிருந்து தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நான்கு புள்ளி. கொத்தனாரிடம் இருக்கிற நூல்குண்டே போதும். வலப்பக்க நீளமும் இடப்பக்க நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்தால் புஷ்ஷோடு சேர்த்து, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டையும் பாருங்கள். அது அறுந்து, பட்டையை அச்சோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டும் தளர்ந்திருந்தால் அச்சு பட்டையின் மேல் நழுவிவிடும். அது புஷ் பழுதைவிட அவசரமானது, அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

கீச் கீச்

வெயில் காலத்தில் மட்டும் கேட்டு, மழை பெய்தால் காணாமல் போகும் சத்தம். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, ஒரு புஷ்ஷுக்கு மட்டும் பீய்ச்சிவிட்டு வண்டியின் பின்பக்கத்தை அமுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் செய்தால் சத்தம் எங்கே நிற்கிறதோ அதுதான் இடம். புஷ்ஷில் நிற்காமல் பட்டைகளின் நடுவே தண்ணீர் விட்டபோது நின்றால் பட்டைகள் துருப்பிடித்து உரசுகின்றன. அதற்குப் பட்டையைப் பிரித்துத் தேய்த்துக் கிராஃபைட் கிரீஸ் போட வேண்டும்.

புஷ்ஷுக்கு எஞ்சின் ஆயில் விடாதீர்கள். சத்தம் அன்றைக்கு நிற்கும். ஆனால் ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் விரலால் பிய்த்தால் வரும் நிலைக்குப் போய்விடும். கழிவு ஆயிலை அடிப்பாகம் முழுவதும் அடிக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தகட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம், புஷ்களை அதற்குமுன் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பது

இது புஷ் இல்லை. பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டறைக்குப் போங்கள்.

புதுப் புஷ் ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது

எனக்கு இரண்டாம் தடவை நடந்தது இது. நல்ல புஷ்தான், நானே பார்த்து வாங்கியது. பட்டறையில் மாட்டிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நான்கில் மூன்று கிழிந்துவிட்டன. சாமான் போலி என்று கடைக்காரரிடம் சண்டை போடக் கிளம்பினேன். போகிற வழியில் லாரிக்குப் பட்டை கட்டும் வயதான ஒருவரிடம் கழற்றிய புஷ்ஷைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி, வெளிக்கூட்டை ஒரு கையாலும் உள்குழலை ஒரு ஸ்குரூ டிரைவராலும் திருப்பிப் பார்த்தார். கிழிசல் வட்டமாக, ஒரே திசையில் சாய்ந்து போயிருந்தது. “தொங்கவிட்டு முறுக்கிருக்கான் அண்ணாச்சி. வண்டி சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுக்கிக்கிட்டுல்லா இருந்திருக்கு” என்றார்.

விஷயம் இதுதான். வண்டியைத் தூக்கி, அச்சு கீழே தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையைத் தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் பட்டை நிமிரும். உள்குழல் போல்ட்டோடு இறுகியிருப்பதால் சுற்ற முடியாது. அதனால் வீட்டு வாசலில் நிற்கிற நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிலேயே இருக்கும். அதற்குமேல் ஒரு பள்ளத்தில் விழுந்தால் இன்னும் முறுக்கும். ரப்பர் கிழிவது வெறும் காலக்கணக்குதான்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். வண்டி தரையில் நிற்கும்போது முன்கண்ணின் ஓரத்திலும் அதற்கு நேராகப் பிராக்கெட்டிலும் (முன்கண்ணை வண்டி உடம்போடு பிடிக்கும் இரும்புத் தாங்கி) வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே கோடு போடுங்கள். பின்பு உடம்பில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். கோடு இரண்டாக உடைந்து விலகுவது கண்ணுக்குத் தெரியும். அந்த விலகல் அத்தனையும் ரப்பரின் முறுக்கு.

ஆகவே தூக்கிய நிலையில் நட்டுகளைக் கையால் ஓட்டி மட்டும் விடுங்கள். வண்டியின் பாரம் பட்டையில் இறங்கியபிறகே கடைசி இறுக்கு. கீழே இடம் போதாது என்றால் ஸ்டாண்டுகளை உடம்புக்குக் கொடுக்காமல் அச்சுக்குழாய்க்கு அடியில் கொடுத்து இறக்குங்கள். பாரம் பட்டையில் இருக்கும், உங்களுக்குப் படுக்க இடமும் இருக்கும். இந்த ஒரே மாற்றம்தான் மூன்றாம் தடவை நாங்கள் செய்தது. அதே கடையில் வாங்கிய அதே புஷ்.

எதைப் போடுவது: ரப்பரா, பாலியா, நைலானா

லேத்தில் நைலான் கடைந்து போடுவது நம் பக்கம் சாதாரணம். செலவு குறைவு, உடனே கிடைக்கும், ஆட்டமும் போய்விடும். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது பட்டை மேலும் கீழும் போவதோடு நீளவாட்டில் திருகவும் செய்யும். ரப்பர் அதற்கு விட்டுக்கொடுக்கும். நைலான் விட்டுக்கொடுக்காது, அந்த விசை அப்படியே பிராக்கெட்டுக்குப் போகும். அம்பாசடரில் பிராக்கெட் பிடித்திருப்பது தனிச் சட்டத்தில் இல்லை, உடம்போடு சேர்ந்த தகட்டுப் பெட்டியில். நாற்பது வருடத் தகடு. அதில் ஏற்கெனவே துரு இருக்கும்.

பாலியூரித்தேன், கடையில் ‘பாலி’ என்றால் தெரியும், இரண்டுக்கும் நடுவே வரும். ரப்பரைவிடக் கடினம், எண்ணெய்க்கு அசையாது. இதில் உள்குழல் பாலிக்குள் சுற்றும், அதனால் மேலே சொன்ன முறுக்குத் தொல்லை இல்லை. ஆனால் மாட்டும்போது சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும், காய்ந்தால் கத்தும், அப்போது திரும்பக் கழற்றித்தான் கிரீஸ் வைக்க முடியும். மலைச்சாலையில் அடிக்கடி ஏறுகிறவர்கள் ஷேக்கிளுக்குப் பாலி போடலாம், அதிகமாகத் திரும்புவது அந்த இடம்தான். முன்கண்ணுக்கு நல்ல ரப்பரே என் தேர்வு. சாலையின் அதிர்வு உடம்புக்கு வரும் வாசல் அது, அங்கே கடினமாகப் போட்டால் கதவுக் கண்ணாடி வரைக்கும் நடுங்கும். குடும்பத்தோடு போகிற வண்டி, கல்யாணத்துக்கு ஓடுகிற வண்டி என்றால் நாலு பக்கமும் ரப்பர்தான்.

வாங்கும்போது பழைய புஷ்ஷையும் விட்டம் அளக்க ஒரு வெர்னியரையும் கையில் கொண்டுபோங்கள். வெளி விட்டம், உள் விட்டம், உள்குழலின் நீளம் மூன்றையும் ஒப்பிடுங்கள். நீளம்தான் பலர் பார்க்காதது. உள்குழல் ரப்பருக்கு வெளியே இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழல் பிடிபடாது. ரப்பரில் நகத்தை அழுத்துங்கள், தடம் உடனே மறைய வேண்டும். கடையில் பல வருடம் கிடந்த ரப்பரில் நகம் இறங்காது, ஓரத்தில் முடி மாதிரி வெடிப்புகள் தெரியும்.

மாற்றும் வேலை

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. பின்பக்கம் தூக்கியபிறகு ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, அது பின்சக்கரத்தைத்தானே பிடிக்கிறது. ஸ்டாண்டை முன்பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால், கெட்டியான பெட்டித் தகட்டில் கொடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும், கீழே இருப்பது நீங்கள். அச்சுக்கு அடியில் தனி ஜாக்கி கொடுத்து, பட்டை தொங்காமலும் நசுங்காமலும் இருக்கிற உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கப் பட்டை அச்சைப் பிடித்திருந்தால் திரும்ப மாட்டும்போது ஓட்டைகள் தானாக நேருக்கு வரும்.

பெரும்பாலும் சிக்குவது முன்கண் போல்ட்தான், உள்குழலோடு துருவால் ஒட்டியிருக்கும். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் இருந்த வண்டி என்றால் எதிர்பார்த்தே போங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளிலும் இப்படித்தான் இருக்கும்: வெள்ளநீர் ரப்பரைக் கெடுத்திருக்காது, போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே வண்டலை விட்டுப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு வையுங்கள், எப்படியும் தூக்கிப் போடப் போகிற புஷ் அது. அப்படியும் வராவிட்டால் போல்ட்டைக் கண்ணின் இருபுறமும் அறுப்பதே நல்லது. சுத்தியலால் அடித்தால் பிராக்கெட் வளையும்.

பட்டை வெளியே வந்ததும் புஷ்ஷை எடுக்க வேண்டும். ரப்பரைக் கொளுத்தி எடுக்கிறவர்கள் உண்டு. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, சூடு மெயின் பட்டையின் (கண் உள்ள பட்டை) பதத்தையும் கெடுக்கும். வைஸில் பிடித்து, உள்குழலைச் சுற்றி ரப்பரைத் துளைபோட்டு எடுத்தால் குழல் வந்துவிடும். மிஞ்சுவது வெளிக்கூடு. ஆக்சா பிளேடைக் கழற்றிக் கண்ணுக்குள் நுழைத்துத் திரும்பப் பிரேமில் மாட்டி, கூட்டை உள்ளிருந்து நீளவாட்டில் அறுங்கள். இங்கே அவசரமே கூடாது. கூடு மெல்லிய தகடு. அறுக்கும்போது ஒரு மாதிரி மெதுவான சத்தம் வரும். பட்டையைத் தொட்டதும் பிளேடு வழுக்கி, சத்தம் கூர்மையாக மாறும், ஏனென்றால் ஸ்பிரிங் இரும்பு அதைவிடக் கடினம். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கண்ணுக்குள் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் பின்னாளில் மெயின் பட்டை உடைவது அங்கேதான் ஆரம்பிக்கும். அறுத்த கோட்டில் சின்ன உளியைக் கொடுத்து உள்பக்கமாக மடக்கினால் கூடு சுருண்டு கையோடு வரும்.

கண்ணை எமரி துணியால் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவி, புதுப் புஷ்ஷை நீள போல்ட் வைத்து இழுத்து ஏற்றுங்கள். ஒரு பக்கம் வெளிக்கூட்டை மட்டும் தொடுகிற அளவில் ஒரு சாக்கெட், மறுபக்கம் கண்ணைவிடப் பெரிய குழாய்த்துண்டு, இரண்டுக்கும் வாஷர். நட்டை முறுக்க முறுக்கப் புஷ் நேராக உள்ளே போகும். சாக்கெட் ரப்பரையோ உள்குழலையோ அழுத்தினால் இரும்போடு ரப்பர் ஒட்டியிருக்கும் ஒட்டு விட்டுவிடும். புஷ் கையாலேயே உள்ளே போய்விட்டால் சந்தோஷப்படாதீர்கள். கண் விரிந்திருக்கிறது. ஓட்டும்போது கூடு கண்ணுக்குள் சுற்றும். ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்துக் கண்ணைத் திரும்ப உருட்டிய பிறகே மாட்ட வேண்டும்.

பட்டை கழன்றிருக்கும்போதே முன்பிராக்கெட்டைச் சுற்றி ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் புஷ் வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் வேலையை முடியுங்கள். யூ போல்ட்டுகளைப் பழையதை மாட்டாமல் புதிது போடுங்கள். பட்டையின் சென்டர் போல்ட் தலை அச்சின் குழியில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தபின் நான்கு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஷேக்கிளில் தொப்பி மாதிரி இரண்டு பாதியாக வரும் ரப்பர்கள் என்றால், தகட்டை இறுக்கியதும் இரண்டு பாதியும் நடுவில் சந்திக்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது ஷேக்கிள் பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாரம் இறங்கிய நிலையில் எல்லா நட்டையும் கடைசியாக இறுக்குங்கள். நூல்குண்டை எடுத்து இருபக்க நீளத்தை மறுபடி அளந்து, டிக்கி மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த தடவை சந்தேகம் வரும்போது ஒப்பிட அது உதவும்.

சேரன்மகாதேவி வரைக்கும் வண்டியில் ஒரு நடை போய்வாருங்கள். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது, யூ போல்ட் நட்டுகளில் ஸ்பானரை வையுங்கள். புதுசில் ஒரு கால் சுற்றாவது கூட ஏறும். சில நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.